பிள்ளை வீட்டுக்காரி

சிஞ்ச்வட்
11.4.1993

அன்புள்ள அக்காவுக்கு, பாலுவின் நமஸ்காரம்.

நான் சௌக்கியம். அப்பாவின் மூட்டுவலி தேவலையா? பள்ளிக்கூட ஆபீசில் உனக்குப் பரீட்சை வேலை நெருக்கடியாக இருக்கும். சாவகாசமாக எழுதலாம் என்றால் இது சாவகாசமான சமாசாரம் இல்லை.

ராஜஸ்ரீயைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். போசரி ஒர்க்‌ஷாப்பில் என்னோடு வேலை பார்க்கும் நண்பனின் தங்கை. பால்வாடியில் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். மே கடைசியில் கல்யாணம் என்று அவர்கள் வீட்டில் நிச்சயம் செய்துவிட்டார்கள். மராட்டிக்காரப் பெண் என்று தெரிந்ததிலிருந்து அப்பா எனக்கு எழுதுவதில்லை. கடைசியாக நான் போட்ட கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்தது.

நீ வரவேண்டும் என்று ஆசைதான். ஆனால் கூப்பிட வாய் வரவில்லை. உன் சம்பளத்தில்தான் அங்கே வீடு நடக்கிறது. டிக்கெட் எடுத்து அனுப்ப எனக்கும் இப்போது தெம்பில்லை. இரண்டு வரி ஆசீர்வாதம் எழுது, போதும்.

உன் தம்பி
பாலச்சந்திரன்


கும்பகோணம்
20.4.1993

சிரஞ்சீவி பாலுவுக்கு ஆசீர்வாதம்.

ஆசீர்வாதத்தைத் தபாலில் அனுப்புவதாக இல்லை. நேரில் வருகிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். "போறதுன்னா போ, திரும்பி வராதே" என்றார். "வரலைன்னா உங்களுக்கு யார் தளிகை பண்ணிப் போடுவா?" என்று கேட்டேன். நான் திரும்பும்வரை எதிர்வீட்டு பாமா மாமி அவருக்குச் சாப்பாடு கொடுப்பாள்.

ரிசர்வேஷனுக்கெல்லாம் கட்டுப்படியாகாது. மெட்ராஸ் போய், பம்பாய் வண்டியில் அன்ரிசர்வ்டு பெட்டியில் ஏறிக்கொள்கிறேன். பூனா வரும்போது தூங்கிவிடக்கூடாதே என்பது ஒன்றுதான் கவலை. நல்ல புடவை ஒன்று இருக்கிறது. கசங்காமலிருக்கப் பழைய பேப்பரில் சுருட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று உடனே எழுது. ரவிக்கைத் துணியாவது வாங்கி வரவேண்டாமா?

அக்கா
கோதை


சிஞ்ச்வட்
6.6.1993

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

நீ ஊர் போய்ச் சேர்ந்த கார்டு வந்தது. அப்பா கதவைத் திறந்தார் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நீ இருந்தபோது சொல்லக் கூச்சமாக இருந்ததை எழுதுகிறேன். ஸ்டேஷனில் உன் கால் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். வழியெல்லாம் கதவோரம் பெட்டியின்மேல் உட்கார்ந்து வந்ததாக, ஏதோ ஊஞ்சலில் ஆடியதைச் சொல்வதுபோலச் சொன்னாய். மண்டபத்தில் பிள்ளை வீட்டாருக்கென்று முன்வரிசை முழுவதும் நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லாம் காலி. ராஜஸ்ரீயின் மாமா சந்தனத் தட்டோடு வந்து, "லட்கேவாலே கோன்?" என்று, பிள்ளை வீட்டார் யார் என இந்தியில் கேட்டபோது எனக்குத் தலை குனிந்துவிட்டது. நீ அந்த வரிசையின் நடுவிலிருந்து எழுந்து, பிராத்மிக் பரீட்சைக்குப் படித்த இந்தியில் "மை ஹூன்", நான்தான், என்றாய். ஒரு ஊரே எழுந்து நின்றதுபோல இருந்தது, அக்கா.

அவர்கள் வீட்டில் இன்னும் உன்னைப் பற்றித்தான் பேச்சு. நீ கொடுத்த மாம்பழ நிற ரவிக்கைத் துணியை ராஜஸ்ரீ தைக்கக் கொடுத்திருக்கிறாள்.

பாலு


கும்பகோணம்
29.12.1996

சிரஞ்சீவி பாலுவுக்கும் சௌபாக்யவதி ராஜஸ்ரீக்கும் ஆசீர்வாதம்.

சுகமாக வந்து சேர்ந்தேன். இந்தத் தடவை குண்டக்கல் வரைக்கும் நிற்கவேண்டியிருந்தது. அப்புறம் ஒரு புண்ணியவதி நகர்ந்து இடம் கொடுத்தாள். அதற்காக நீ கோபித்துக்கொள்ளாதே. ஸ்ரீரஞ்சனிக்குப் பெயர் வைக்கும்போது அத்தை மடி வேண்டாமா?

ராஜஸ்ரீயிடம் நான் சொன்னதாகச் சொல். பிள்ளை பெற்ற உடம்போடு, எனக்குச் சப்பாத்தி ஒத்துக்கொள்ளாது என்று தனியாகச் சாதம் வடித்தாளே, அதை நான் மறக்கமாட்டேன். ஒவ்வொரு சாமானையும் தூக்கிக் காட்டி, "தமிழ்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கரண்டியில் ஆரம்பித்து, நான் கிளம்பும்போது "சீக்கிரம் வாங்க" வரைக்கும் வந்துவிட்டாள். அந்தப் பெண்ணிடம் எனக்குக் கொள்ளை மதிப்பு.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. நேற்று சாப்பிடும்போது மட்டும், "குழந்தை யார் ஜாடை?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் எழுந்து போய் ரேடியோவைப் போட்டுவிட்டார்.

கோதை


கும்பகோணம்
18.7.2001

அன்புள்ள பாலுவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேரடியாகவே எழுதிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம்.

சிரிக்காதே. எங்கள் பள்ளிக்கூட நூலகர் கிருஷ்ணஸ்வாமியை உனக்குத் தெரியும். மனைவி போய் வெகுநாளாயிற்று. குழந்தை இல்லை. சாதுவான மனிதர். "இனிமே யாருக்குப் பயந்துண்டு இருக்கணும், நீங்களே சொல்லுங்கோ" என்று ஒருநாள் கேட்டார். யோசித்துப் பார்த்தேன், யாருக்கும் இல்லை. ஆவணியில், ஒப்பிலியப்பன் கோவிலில், எளிமையாக.

அப்பாவுக்குச் சம்மதமில்லை. "நாப்பத்தாறு வயசுல ஊர் சிரிக்கும். நான் வரமாட்டேன்" என்கிறார். எங்களோடு வந்து இருங்கள் என்றாலும், மாப்பிள்ளை வீட்டுச் சோறு வேண்டாமாம். அவரை நினைத்தால்தான் மனசு தடுமாறுகிறது.

நீங்கள் வரவேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் உன் பிரிவை மூடிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். ராஜஸ்ரீயின் பால்வாடிச் சம்பளத்தில் மூன்று பேர் சாப்பிடும்போது ரயில் செலவு எதற்கு? நினைத்துக்கொள், போதும்.

கோதை


சிஞ்ச்வட்
27.7.2001

அக்கா,

வருகிறோம். ரிசர்வேஷன் இல்லை. ராஜஸ்ரீயின் அம்மாவும் வருகிறார். பெண் வீட்டுக்கு ஆள் வேண்டும் என்கிறார்.

பாலு


கும்பகோணம்
12.9.2001

சிரஞ்சீவி பாலுவுக்கு ஆசீர்வாதம்.

எல்லாரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? அப்பாவுக்கு வண்டியில் கால் குடையவில்லையே?

கல்யாணத்துக்கு மறுநாள் நீ டிக்கெட்டுக்காக ஸ்டேஷனில் நின்றபோது நம் வீட்டில் நடந்ததை, அவசரத்தில் உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. ராஜஸ்ரீ என்னிடம், "அப்பாகிட்ட போகலாம்" என்றாள். வேண்டாம், மனம் நோகும்படி ஏதாவது சொல்லிவிடுவார் என்றேன். கேட்கவில்லை. ரஞ்சுவைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்தே தூங்கி வந்த பெண். முகத்தில் அந்தக் களைப்பே இல்லை.

அப்பா நாற்காலியில் இருந்தார். ஏறிட்டுப் பார்க்கவில்லை. இவள் நமஸ்காரம் செய்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா அவங்க வீட்டுக்குப் போறாங்க. நீங்க இங்க தனியா வேணாம். எங்ககூட வாங்க."

"உன்மேல எனக்குக் கோபம் இருக்கு" என்றார் அப்பா.

"இருக்கட்டும். அதையும் எடுத்துட்டு வாங்க. எங்க வீட்ல இடம் இருக்கு."

கேலி இல்லை, பாலு. குடையையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "அங்க குளிருமா?" என்றார். நான் உள்ளே போய்விட்டேன். அழுவதை அவர் பார்க்கவேண்டாம் என்று.

இப்படி ஒருவரிடம் பேச எனக்கு இத்தனை வருஷத்தில் வந்ததில்லை. அவளிடம் சொல்.

இவர் உங்களை விசாரித்தார்.

கோதை


சிஞ்ச்வட்
18.10.2001

அன்புள்ள அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் நமஸ்காரம்.

உன் கடிதத்தை ராஜஸ்ரீக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். புகழ்ந்தால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

வண்டியில் அப்பாவுக்கு மட்டும்தான் பெர்த் கிடைத்தது. டி.டி.ஆர். நல்ல மனிதர். ராஜஸ்ரீயையும் அவள் அம்மாவையும் கீழே பேப்பர் விரித்து உட்கார விட்டார். அப்பா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, காலை மடக்கிக்கொண்டு, "குழந்தையை ஏன் தரையில போட்டிருக்கே? இப்படிக் கொடு" என்றார். அவர் ராஜஸ்ரீயிடம் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது.

இப்போது காலையில் எங்கள் குடியிருப்பு சொசைட்டி பெஞ்சில் மராட்டிப் பெரியவர்களோடு உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் சொல்வது இவருக்கும் இவர் சொல்வது அவர்களுக்கும் புரியாது. ஆனாலும் தினம் சண்டை நடக்கிறது. எனக்குச் சிஞ்ச்வடிலேயே சின்ன கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் குறைவு, மரியாதை உண்டு. ராஜஸ்ரீ சாதம் போடும்போது அப்பா "புரே, புரே" என்கிறார். போதும் என்று அர்த்தம். அவளும் போதும் என்று சொன்ன பிறகு ஒரு கரண்டி போடுகிறாள்.

அப்பா கடைசியில் கொஞ்சம் இடம் விட்டு எழுதச் சொன்னார். பேனாவைக் கேட்கிறார். கொடுக்கிறேன்.

பாலு

சௌபாக்யவதி கோதைக்கு ஆசீர்வாதம். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு இங்கே வரவும். பெண்ணைப் பெற்றவர்தான் முறையாகக் கூப்பிடவேண்டும் என்று ராஜஸ்ரீ சொல்கிறாள். அவள் சொல்வது சரி. மாப்பிள்ளை காபிக்குச் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக்கொள்வாரா, மட்டாகவா என்று எழுது. எனக்குத் தெரியாது.

அப்பா