லைட்டை டிம் பண்ணு, அண்ணா

போர்முனை
டிசம்பர் 20, 1986

என் குருவி நாஹீதுக்கு,

நலமாக இருக்கிறேன். இங்கே புதிதாக வந்தவனுக்குப் பெயர் 'கஞ்சிக்குடி'. எனக்கு அந்தப் பெயர் போய்விட்டது. இப்போது என்னைக் கண்டாலே, "டேய் பெஹ்ஸாத், ஹை பீம் அடிக்குதுடா! கண்ணு கூசுது, டிம் பண்ணு!" என்று கத்துகிறார்கள். தனியாக நிறுத்திப் படமும் எடுத்தார்கள். இருந்த ஒரே பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன், அப்பாவிடம் கொடு. ஜனவரி விடுப்பை ஒரு நண்பனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். அவன் மனைவி நிறைமாதம். கோபித்துக்கொள்ளாதே.

உன் அண்ணன்,
பெஹ்ஸாத்

இஸ்ஃபஹான்
ஜனவரி 2, 1987

அண்ணா,

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். என் எழுத்தைக் கிண்டல் செய்யாதே.

அப்பா உன் படத்துக்குச் சட்டம் போட்டு, "பாரு, என் பிள்ளை முகத்துல என்ன களை!" என்று தெருவெல்லாம் காட்டினார். இதே ஈராக் போரில் ஒரு காலை இழந்து திரும்பிய ரொட்டிக்கடை யதுல்லா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை. ஹை பீம் என்றால் என்ன என்று கேட்டேன்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு பாப்பா?" என்றார். பிறகு மாவைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "எவன் முகம் பளபளன்னு மின்னுதோ, அடுத்த தாக்குதல்ல அவன் போயிடுவான்னு சொல்லுவோம். தெருமுனைப் பந்தலுக்குன்னு முன்னாடியே படம் எடுத்து வச்சிருவோம். சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். பயத்துல வேற என்ன பண்றது?"

கல்யாணம் ஆகாமலே போரில் செத்துப்போன பக்கத்து வீட்டு கமாலுக்கு வைத்த கண்ணாடிப் பந்தல் இன்னும் நம் தெருமுனையில் நிற்கிறது. சுற்றிலும் விளக்கு. நடுவில் அவன் படம்.

உன் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துக் கத்தரித்துவிட்டேன். பள்ளிக்கூடப் படம், சித்தி கல்யாணப் படம், எல்லாவற்றிலும் உன்னை மட்டும் கத்தரித்து அடுப்பில் போட்டேன். விடிந்தால் அப்பா அடிப்பார். அடிக்கட்டும். பந்தலில் வைக்க இனி இந்த வீட்டில் உன் முகம் இல்லை. அதனால் நீ சாகக் கூடாது. லைட்டை டிம் பண்ணிக்கொண்டு வீடு வந்து சேர்.

நாஹீத்

இஸ்ஃபஹான்
பிப்ரவரி 9, 1987

அண்ணா,

உன் பதில் வரவில்லை. அப்பா அடிக்கவும் இல்லை. வெறும் சட்டத்தைத் துடைத்து மறுபடி ஆணியில் மாட்டினார்.

இன்று படையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். தாக்குதலுக்குப் பிறகு உன்னைக் காணவில்லை என்றார்கள். மூத்தவர் தயங்கித் தயங்கி, "பந்தலுக்கு ஒரு படம் இருந்தா குடுங்க ஐயா" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை.

"படம் இல்ல தம்பி. அவன் வந்ததும் எடுத்துக்குவோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

உன் முகவரி இனி செல்லாதாம். அதே முகவரிக்குத்தான் எழுதுகிறேன். சட்டம் காலியாகவே இருக்கிறது, அண்ணா. வா.

நாஹீத்