நாடிப் போக நெருங்கிய உறவினர்

சேசு மரி சூசை

பொம்மிடி
18-9-1973

அன்பு மகள் ராஜமேரிக்கு அப்பா எழுதுவது. மாதா தயவில் இங்கே குறை ஒன்றுமில்லை, லண்டன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க தினமும் செபிக்கிறேன். நீ அனுப்பிய விதித்தாளில், பிள்ளையிடம் வந்து தங்கும் தகப்பனுக்குச் சொந்த நாட்டில் நாடிப் போக நெருங்கிய உறவினர் இருக்கக்கூடாது என்றிருந்ததல்லவா, அதற்கு இங்கே ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். தபால் மாஸ்டர் நெருங்கிய என்றால் கிட்டத்தில் குடியிருப்பவர் என்றார், ஹெட்மாஸ்டர் ரத்த சம்பந்தம் என்றார், எப்படிப் பார்த்தாலும் அடுத்த வீட்டிலிருக்கும் உன் சித்தப்பா சவரிமுத்து அகப்பட்டுக்கொண்டான். தருமபுரி வக்கீல்தான், நாடிப் போக என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள், கிணற்றுத் தகராறில் ஒன்பது வருடம் பேசாத தம்பியை யார் நாடுவார் என்று தைரியம் சொன்னார். சண்டையால் இப்படியும் ஒரு லாபமா என்று சந்தோஷப்பட்டேன். அண்ணனை ஆதரிக்க மாட்டேன் என்று அவனிடம் ஒரு கையெழுத்து மட்டும் வேண்டுமாம்.

தாளை உன் சித்தி லூர்தம்மாளிடம் கொடுத்தனுப்பினேன், சாயங்காலம் அவனே எடுத்துக்கொண்டு வந்தான், கையெழுத்தில்லை. “நான் உசுரோட இருக்கறப்ப உனக்கு ஆருமில்லேன்னு வெள்ளக்காரனுக்கு எழுதிக் குடுப்பனா?” என்றான். மறுநாளிலிருந்து களியும் அவரைக்காய்க் குழம்பும் அவன் வீட்டிலிருந்து வருகிறது. வக்கீலிடம் சொன்னதற்கு, விசாரணை முடியும்வரை அதைத் தொடாதீர்கள் என்றார். நான் சாப்பிட்டேன்.

போன வாரம் மெட்ராஸில் பிரிட்டிஷ் ஆபீசில் விசாரணை. தனியாக விடமாட்டேனென்று அவனும் ரயிலேறிவிட்டான். துரை தமிழில் சொல்ல ஒருவரை வைத்துக்கொண்டு எல்லாம் கேட்டார், வக்கீல் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். கடைசியில் உங்களை யார் கூட்டி வந்தது என்றார், அதற்குப் பதில் வக்கீல் சொல்லித்தரவில்லை. “எந்தம்பிங்க” என்றேன். வெளியே பெஞ்சில் என் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவனை எட்டிப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டார். நேற்று பதில் வந்தது, அனுமதி இல்லையென்று. தபால் மாஸ்டர் சொன்ன அர்த்தமா ஹெட்மாஸ்டர் சொன்னதா என்று அதில் விளக்கமில்லை.

பேத்தியைக் கையில் வாங்கவில்லையே என்று எனக்கும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. ஆனாலும் அப்பீல் வேண்டாம் கண்ணு, அதில் ஜெயிக்க நான் மறுபடி அவனோடு பேச்சை நிறுத்த வேண்டும். அந்தோணியார் உங்களைக் காப்பாராக, இருமலுக்கு மிளகு சேர்த்துக்கொள். லீவு கிடைத்ததும் நீங்கள் புறப்பட்டு வாருங்கள், பேத்தி தாத்தாவைப் பார்க்க வருவதற்கு என்ன விதியென்று மட்டும் இப்போதே விசாரித்து வை.

ஆசீர்வாதங்களுடன்
அப்பா
அ. சவரிராயன்