மணலை மீனின் வயிற்றில் இருந்தது

அம்மா,

என் வலக்கை விரல்களில் மீன் வாசம் அடிக்கிறது. சாம்பல் போட்டுக் கழுவச் சொன்னார் மாமி. ஓம் என்று சொல்லிவிட்டு, கழுவாமல் வந்து இருக்கிறேன்.

இதைக் களுதாவளையில், மாமி வீட்டுக் குசினிக்குள், அடுப்படியில் இருந்து எழுதுகிறேன். குப்பி விளக்கைச் சோற்றுப் பானைக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். வெளிச்சம் வேலிக்கு வெளியே தெரிந்தால் ரோந்து வருகிறவர்கள் கதவைத் தட்டுவார்கள். அப்பா விழித்துவிட்டால் அது இன்னொரு பயம். கடல் ஊருக்குள் வந்த நாளிலிருந்து அவர் முன்னால் உங்கள் பேச்சை யாரும் எடுப்பதில்லை. நாய் குரைத்தால் ஊதி அணைத்துவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

மாங்கேணியில், எங்கள் வீட்டில், தம்பிக்கு நீங்கள் சோறு ஊட்டியது ஞாபகம் வருகிறது. அப்போதே அவன் வாயை இறுக்கிக்கொள்வான். நீங்கள் மீனை முள்ளெடுத்துச் சோற்றோடு பிசைந்து, ஒவ்வொரு உருண்டையையும் முதலில் உங்கள் கீழ் உதட்டில் தொட்டுப் பார்ப்பீர்கள்.

"முள்ளு இருந்தா முதல்ல எனக்குத்தான் குத்தும். நீ பயப்பிடாமத் தின் மகன்."

"எனக்கும் அப்பிடித் தொட்டுத் தாங்க" என்று நான் கேட்டால், "நீ பெரிய பொம்பிள. உனக்கு முள்ளோடதான்கா" என்று சிரிப்பீர்கள்.

கடல் உங்களைக் கொண்டுபோனது. ஊரில் பலரைக் கண்டெடுத்தார்கள். உங்களைக் காணவில்லை. பள்ளிக்கூடக் கட்டிடத்தில் நாங்கள் தங்கியிருந்தபோது ஊரே மீன் தின்பதை விட்டிருந்தது. ஒருநாள் யாரோ கருவாடு கொண்டுவந்தார்கள். ஒரு பெரியவர் அதைத் தட்டிவிட்டார். "கடல்ல போன சனத்தத் திண்ட மீன். அத நாங்க திங்கிறதா?" என்று கத்தினார். தம்பி என் மடியில் படுத்திருந்தான். மூன்று வயது. நித்திரை என்றுதான் நினைத்தேன்.

சில மாதங்களில் எல்லோரும் பழையபடி மீன் தின்றார்கள், தம்பியைத் தவிர. ஏன் என்று கேட்டால் உதட்டைக் கடித்துக்கொள்வான். பிறகு எங்கள் பக்கம் துவக்கும் குண்டுமாகச் சண்டை வந்தது. கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு இங்கே ஓடிவந்தோம்.

மாமி கெட்டவர் இல்லை, அம்மா. அவன் உடம்பில் சதையே இல்லை என்று அழுவார். ஒருநாள் பூசணிக்காய்க் கறிக்குள் மாசிக் கருவாட்டைத் தூளாக்கிப் போட்டு, "மீன் இல்லடா, சத்தியமா இல்ல" என்று ஊட்டினார். ஒரு துண்டு அவன் பல்லில் பட்டது. மூக்கால் வருமட்டும் சத்தி எடுத்தான். அதற்குப் பிறகு பூசணிக்காய் இல்லை, கீரை இல்லை, முட்டை இல்லை. நிறமாக இருந்தால் உள்ளே ஏதோ ஒளிந்திருக்கும் என்று நினைத்தான். வெள்ளைச் சோறும் சீனியும்தான், இடையில் பிளேன்டீயும் பிஸ்கட்டும். மாமியின் மகன்மார், மச்சான்மார், "வெள்ளச்சோத்துத் தொர வாறார், வழி விடுங்கடா!" என்று கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான். சிரிக்கும்போது உதடு வெளுத்திருக்கும். சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டி நக்குவதை நான் கண்டிருக்கிறேன்.

பிறகு மாலையானால் தடுக்கி விழத் தொடங்கினான். முன்னால் இருக்கும் தேத்தண்ணிக் கோப்பையைக் கையால் தடவித் தேடினான். ஒருநாள் கஞ்சிப் பானையில் கால் இடறிக் கொட்டிவிட்டான். அப்பா அடித்தார். "நடிக்கிறான், பகல்ல மான்குட்டி மாதிரி ஓடுறானே!" என்றார் மாமி.

அன்று பாயில் என் காதுக்குள் சொன்னான்: "அக்கா, பொழுது பட்டா எனக்கு எல்லாம் கறுப்பு. ஒருத்தருக்கும் சொல்லாத. சொன்னா இல்லத்துல விட்டுருவாங்க."

பக்கத்து வளவில் தாயில்லாத பொடியன் ஒருவனைச் சிறுவர் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். வேன் போகும்வரை அவன் கத்தியது எங்கள் இருவருக்கும் கேட்டது. சொன்னால் தம்பியைக் கொண்டுபோவார்கள். சொல்லாவிட்டால் கண் போய்விடும். யாரிடம் கேட்பேன்? நீங்கள் இல்லை. பின்னேரமானால் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழக்கினேன்.

முந்தாநாள் அந்தப் பிடி விட்டுப்போனது.

கடையில் மண்ணெண்ணெய் வாங்கித் திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிட்டது. ரோந்து வந்தவர்கள் ஒழுங்கை முனையில் நின்று, "நில்லு! எல்லாம் நில்லு!" என்று கத்தினார்கள். சனம் வேலியோரம் ஒதுங்கியது. அந்த நெரிசலில் தம்பியின் கை நழுவியது. அவன் மட்டும் நடு ஒழுங்கையில், இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, "அக்கா, அக்கா" என்று தேடிக்கொண்டு அவர்களை நோக்கியே நடந்தான். ஒருவன் துவக்கைத் தூக்கினான்.

"அவனுக்குக் கண் தெரியா! சுடாதீங்க, பொழுது பட்டா கண் தெரியா!"

கத்தியது நான்தான். ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தேன். டோர்ச் வெளிச்சம் எங்கள் முகத்தில் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு "போ, போ" என்றார்கள். திரும்பினால் வேலியோரம் அப்பா நிற்கிறார். எல்லாம் கேட்டுவிட்டார்.

தம்பி வீடுவரை என்னோடு கதைக்கவில்லை.

நேற்று விடிய அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். நானும் போனேன். டொக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, மாலைக்கண் என்றார், இரத்தமும் குறைவாம். மிட்வைப் மிஸ் ஒரு குளிசையின் நுனியை வெட்டி, உள்ளே இருந்த எண்ணெயை அவன் வாயில் பிழிந்தார்.

"இது கண்ணத் திருப்பித் தரும். ஆனா வெள்ளச் சோத்தையே திண்டா மறுகாவும் வரும். மீன், முட்ட, கீர, எல்லாம் திங்கணும். ஏன்டா மகன் மீன் வேணாம்?"

இரண்டு வருடமாகச் சொல்லாததை அவரிடம் சொன்னான்.

"அது அம்மாவத் திண்டது."

அப்பா எழும்பி வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார். வரும்வழியில் நான்தான் கேட்டேன், இல்லத்தில் விடுவார்களா என்று. "ஆரு விடுவான்? என்ட புள்ளய நான் ஒரு இடமும் விடமாட்டன்" என்றார்.

இன்று பின்னேரம், வெயில் இருக்கும்போதே, வீச்சுவலையை எடுத்துக்கொண்டு எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார். வலையில் மணலை மீன் பட்டது. அப்பா தம்பியைப் பக்கத்தில் இருத்தி, கத்தியால் முதல் மீனின் வயிற்றைக் கிழித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"வடிவாப் பார். என்ன கிடக்கு?"

"சேறு."

"வேற?"

"பாசி."

"அவ்வளவுதான். இது சேறு திங்கிற மீன்."

"மத்தத வெட்டுங்க."

அதையும் வெட்டினார். தம்பி விரலால் கிளறிப் பார்த்தான். "அதையும்" என்றான். பிடித்த மீன் எல்லாவற்றையும் அப்பா வெட்டினார். கறுத்த சேறுதான். ஒன்றிலாவது வேறு ஏதும் கிடந்துவிடுமோ என்று நானும் பயந்தேன், அம்மா. அது விசர் என்று தெரியும். ஆனாலும் பயந்தேன்.

கடைசி மீனும் முடிந்ததும் தம்பி கேட்டான்: "அப்ப அம்மா எங்க?"

அப்பா இரத்தமும் சேறுமாக இருந்த கையோடு அவனை அணைத்துக்கொண்டார். உங்கள் பெயரைச் சொல்லி அழுதார். அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனை காலம்.

பொழுது படுமுன் மாமி மணலையைப் புளிவிட்டு ஆணமாக்கித் தந்தார். ஒளிக்கவில்லை. மீன் வேறாக, சோறு வேறாக வைத்தார். மச்சான்மாரை வெளியே கலைத்துவிட்டார். நான் முள்ளெடுத்துப் பிசைந்தேன். உருண்டையை என் கீழ் உதட்டில் தொட்டேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகப் போனது. தம்பி என் வாயையே பார்த்தான்.

"முள்ளு குத்தினதா?"

"இல்ல."

வாயைத் திறந்தான். வாங்கியதை விழுங்காமல் நெடுநேரம் கன்னத்தில் அடக்கி வைத்திருந்தான். மாமி கரண்டியோடு அசையாமல் நின்றார். அவன் தொண்டை ஏறி இறங்கியது.

ஒரே ஒரு உருண்டை. இரண்டாவதுக்குத் தலையை ஆட்டிவிட்டான். "நாளைக்கு" என்றான்.

நாளைக்கு மறுத்தாலும் மறுப்பான். கண் எப்போது திரும்பும் என்றும் தெரியாது. இப்போது என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறான், பானைக்குள் இருந்து வரும் இந்தக் கொஞ்ச வெளிச்சம் அவன் முகத்தில் விழுகிறது.

வெளியே நாய் குரைக்கிறது. அணைக்கப் போகிறேன். மாமி எழும்புமுன் இந்தத் தாளை அடுப்புத் தணலுக்குள் வைத்து எரித்துவிடுவேன். கையை மட்டும் காலையில்தான் கழுவுவேன், அம்மா. இன்றைக்கு அது உங்கள் கை மாதிரி மணக்கிறது.