தொப்பிக்காரரும் உன் அம்மாவின் சிரிப்பும்

அன்பு வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். தண்ணீருக்கு நடுவில் மனுஷன் எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு சுகமாக இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, போன மாதம் போனில் கேட்டேனே அந்த இருமல், அது கிளம்பிவிட்டதா அல்லது இன்னும் வாடகை கொடுக்காமல் உன்னோடு குடியிருக்கிறதா என்று எழுது. முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அத்தை மூலம் உன் காதுக்கு வரும், அவள் வாயில் விழுந்து வந்தால் இன்னும் அசிங்கம். இந்தக் கடிதத்தை நான் கப்பலின் மேல்தளத்தில், ஒரு பெரிய பூந்தொட்டிக்குப் பின்னால், தலையில் டவலைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் பேப்பரை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வெயிலுக்காக அல்ல. உன் அம்மாவை வேவு பார்க்கிறேன்.

சிரிக்காதே. நீச்சல் குளத்துக்கு அந்தப் பக்கம் சாய்வு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், அதில் கடைசி இரண்டில் ஒன்றில் உன் அம்மா, இன்னொன்றில், அதாவது நான் சாய்ந்திருக்க வேண்டிய நாற்காலியில், அகலமான வைக்கோல் தொப்பி போட்ட ஒரு ஆள். யார் என்று தெரியாது, பேர் தெரியாது, தொப்பிதான் தெரியும். இந்தக் கப்பலில் நாற்காலி பிடிப்பது ஒரு தனிக் கலை, விடிந்ததும் போய் டவலை விரித்துவிட்டு வந்தால் அது நம் இடம், யாரும் தொட மாட்டார்கள். உன் அம்மா எனக்கும் சேர்த்துத்தான் விரித்து வைத்திருந்தாள். நான் வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. ஏன் தாமதம் என்றால், கேபின் கண்ணாடி முன்னால் நின்று ஒரு ஜோக்கைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் தொப்பி உட்கார்ந்திருக்கிறது, என் டவல் மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி இந்தப் பக்கம் வந்துவிட்டேன். அதுதான் இப்போது என் தலையில் இருப்பது.

கப்பல் நாளைக் காலை துறைமுகத்தைப் பிடித்துவிடும். இன்று எங்கேயும் இறங்க வேண்டியதில்லை, ஓய்வு நாள், மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள் என்று காலையில் ஒலிபெருக்கியில் ஒரு பெண் தேன் தடவின குரலில் சொன்னாள். எல்லோரும் அதைக் கேட்டு நடக்கிறார்கள். உன் அத்தை கால் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு அது காயட்டும் என்று காலை அந்தரத்தில் தூக்கி வைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நாற்காலிக்கும் நடுவே தட்டும் கையுமாக நடை பழகுகிறார், கேட்டால் வாக்கிங் போகிறேன் என்கிறார். கடல் கூட இன்று சோம்பேறியாகக் கிடக்கிறது. இத்தனை பேருக்கு நடுவில் வயிறு எரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பவன் உன் அப்பன் ஒருத்தன்தான்.

உன் அம்மாவுக்கு இரண்டு விதமான சிரிப்பு உண்டு என்று உனக்கே தெரியும். ஒன்று பள்ளிக்கூட ஆபீஸில் பெற்றோர்களுக்காக வைத்திருப்பது, பல் தெரியும், சத்தம் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது. இன்னொன்றில் சத்தமே வராது. தோள் இரண்டும் குலுங்கும், கண்ணில் தண்ணீர் முட்டும், பக்கத்தில் யார் இருந்தாலும் அவர்கள் கையை நகம் பதிகிற மாதிரி பிடித்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில் என் முழங்கையில் எப்போதும் நகக்குறி இருக்கும், நம் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் பூனை வளர்க்கிறீர்களா சார் என்று கேட்பார்கள், நானும் பெருமையாக ஆமாம் என்பேன். அந்தச் சிரிப்பைப் பார்த்து வருஷக்கணக்காகிறது. நீ வீட்டில் இருந்தவரை நீ சிரிப்பாய், அந்தச் சாக்கில் அவளும் கொஞ்சம் சிரிப்பாள், எனக்கும் கணக்கு நேராகிவிடும். நீ போன பிறகு சாப்பாட்டு மேஜையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஒன்று சொல்வேன், அவள் ம் என்பாள், அப்புறம் மின்விசிறி பேசும். இதை உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை வாலு, நீ அங்கே நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உன்னை வண்டி ஏற்றிவிட்டோம். ஆனால் உன் அத்தை குடும்பத்தோடு கப்பலில் போகலாம் என்று ஆரம்பித்ததும் நான் மறுபேச்சு இல்லாமல் சரி என்று சொன்னதற்குக் காரணம் கடல் காற்று இல்லை. அந்தச் சிரிப்பு ஒரே ஒரு தடவை எனக்கு வேண்டும், கரை சேர்வதற்குள் வேண்டும். இல்லையென்றால் இனிமேல் அந்த வீட்டில் மின்விசிறிதான் என்று ஒரு பயம் வந்துவிட்டது.

அதற்காகப் புதுச் சரக்காக ஜோக்குகள் தயார் பண்ணி எடுத்து வந்தேன். இன்று காலை ரொட்டிக்கு நடுவில் ஒன்றை எடுத்து விட்டேன். இந்தக் கடலைக் கண் பரிசோதனைப் பலகையாக மாட்டினால் என் கடைக்கு வருகிற அத்தனை பேரும் பாஸ், படிக்க ஒரே ஒரு கோடுதானே இருக்கிறது என்றேன். உன் அம்மா நிமிர்ந்து பார்த்து, 'ம், அந்த வெண்ணெயை இப்படித் தள்ளுங்க' என்றாள். உன் அத்தை வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார், அவர் வெண்ணெய்க்கே சிரிப்பவர்.

இப்போது பார், தொப்பி மறுபடியும் அவள் பக்கம் சாய்கிறது. இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன், வெளியே விடாதே. எனக்குத் தூரப்பார்வைக்கு ஒரு கண்ணாடி, எழுதப் படிக்க ஒரு கண்ணாடி. கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ரெண்டு பவரையும் ஒரே கண்ணாடியில போட்டுக்குங்க சார், வசதியா இருக்கும் என்று பாடம் நடத்துகிறவன், எனக்கு மட்டும் அதைப் போடவில்லை. நடுவில் கோடு விழுந்த கண்ணாடி போட்டால் கிழவன் மாதிரி தெரிவேன் என்று ஒரு நினைப்பு. அதன் பலனை இன்று அனுபவிக்கிறேன். எழுதும்போது அவர்கள் இருவரும் கரைந்த சாயம் மாதிரி தெரிகிறார்கள், அவர்களைப் பார்க்கும்போது என் எழுத்து எறும்பு ஊர்வதாகத் தெரிகிறது. மாற்றி மாற்றிப் போடுவதற்குள் அங்கே ஏதோ நடந்து முடிந்துவிடுகிறது. ஒரு தடவை மாற்றிப் பார்த்தால் அந்த ஆள் ஆரஞ்சுப் பழத்தைத் தோல் அறாமல் ஒரே சுருளாக உரித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த தடவை பார்த்தால் பாதிப் பழம் உன் அம்மா கையில். வீட்டில் நான் உரித்துக் கொடுத்தால் நார் இருக்கிறது என்று திருப்பிக் கொடுப்பவள், அதை நாரோடு சாப்பிட்டாள்.

அதற்கப்புறம்தான் அது நடந்தது. தோள் குலுங்கியது. சத்தமில்லை. எழுந்து நின்று பார்த்தேன், டவல் நழுவியது கூடத் தெரியவில்லை. கையை நீட்டித் தொப்பிக்காரரின் முழங்கையைப் பிடித்தாள். உன் அத்தை வேறு எங்கிருந்தோ குதிகாலாலேயே நடந்து வந்து என் பக்கத்தில் நின்று, 'அண்ணா, அண்ணி இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு, பாக்கவே நல்லாயிருக்கு' என்றாள். எரிகிறதில் எண்ணெய் ஊற்றுவதற்கென்றே பிறந்தவள். நான் எனக்கும் சந்தோஷம்தான் என்றேன். 'அதான் மூஞ்சில தெரியுதே' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்த ஆள் அப்படி என்னதான் சொல்லியிருப்பார். லாரி ஓட்டினவராக இருக்கலாம், அவர்களிடம் கதைக்குப் பஞ்சமே இருக்காது. மேடையில் ஏறிச் சிரிக்க வைக்கிறதையே பிழைப்பாக வைத்திருப்பவராக இருந்தால் இன்னும் மோசம், சம்பளம் வாங்கிக்கொண்டு சிரிக்க வைப்பவரோடு நான் எப்படி மோதுவது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னும் இரண்டு தடவை குலுங்கினாள். சாப்பிட வந்தபோது முகம் கழுவின மாதிரிப் பளிச்சென்று இருந்தது. எங்கே போயிருந்தீங்க, ஆளையே காணோம் என்று கேட்டாள். உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன் என்றேன், அது பொய்யில்லையே. சூப்பை ஊதி ஊதிக் குடித்துவிட்டு மறுபடி அதே நாற்காலிக்குப் போய்விட்டாள், நானும் மறுபடி இதே தொட்டிக்கு.

இதற்கு மேல் உள்ளதைக் கேபினில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாயங்காலம் ஆகிவிட்டது, உன் அம்மா குளிக்கப் போயிருக்கிறாள். நடந்ததைச் சொல்கிறேன் கேள். வெயில் தாழ்ந்தபோது முழங்கால் பிடித்துக்கொண்டது, பொறாமையும் பிடித்துக்கொண்டது, இரண்டில் எது என்னை எழுப்பியது என்று தெரியவில்லை. இரண்டு கோப்பை டீ வாங்கிக்கொண்டு, வேண்டுமென்றே இரண்டே இரண்டு, நேராக அவர்களிடம் போனேன். பின்பக்கமாகப் போனதால் உன் அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள். தொப்பிக்காரர் வாயே திறக்கவில்லை. கிட்டே போனதும் காதில் விழுந்தது. கடைக்கு ஒருத்தர் வந்தாரு, கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சிட்டாரு, உங்களுக்கு எதுக்கு சார் கண்ணாடின்னு இவரு கேட்டா, எனக்கில்லீங்க, என் வீட்டுக்காரிக்குக் கண்ணு ரொம்ப நல்லாத் தெரியுது, கொஞ்சம் குறைக்கிற மாதிரி... அது என் கதை, வாலு. நான் சொல்கிற அதே இழுவை, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு மேலாகப் பார்க்கிற என் அதே சேஷ்டை. குறைக்கிற மாதிரி என்று வரும்போதே அவளுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது, ஏதாவது இருந்தாக் குடுங்க என்கிற முடிவு தொண்டையிலேயே நின்றுவிட்டது. தொப்பிக்காரரும் அவள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து, தொப்பியை எடுத்து, மரியாதையாக என்னவோ சொன்னார். எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை. நம் பாஷையில் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது, அவர் பாஷையில் உன் அம்மாவுக்கு ஒரு வார்த்தை தெரியாது. காலையிலிருந்து இவள் சொல்ல, அவர் ஆரஞ்சு உரிக்க, இப்படியே போயிருக்கிறது.

புரியாதவரிடம் எதற்கு என் கதையைச் சொல்கிறாய் என்று கேட்டேன். புரியாதவங்ககிட்டச் சொல்றதுதான் சௌகரியம், முடிவைச் சொல்லித் தொலைக்க வேண்டியதில்ல என்றாள். அப்படியானால் நான் சொல்லும்போது மட்டும் ஏன் ம் போடுகிறாய் என்றேன். உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, 'நீங்க சொல்றப்ப நான் சிரிச்சா உடனே இன்னொரு தடவை சொல்லுவீங்க. முன்னாடியாவது பொண்ணு இருந்தா, பாதியை அவ தலையில கட்டிட்டு எந்திரிச்சுப் போயிடுவேன். இப்ப நான் ஒருத்திதானே, எங்க தப்பிச்சுப் போறது. அதான் அங்க அடக்கி வச்சுட்டு, மறுநாள் ஆபீஸ்ல போய்த் தனியாச் சிரிச்சுக்கிறேன்' என்றாள். ஆபீஸில் எல்லோருக்கும் தெரியுமாம், இவள் ஏதோ நினைத்துக் குலுங்குகிறாள் என்றால் நேற்று வீட்டில் சார் வாயைத் திறந்திருக்கிறார் என்று. நான் டீயை நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டு, இன்னொண்ணு சொல்லட்டுமா, அந்தப் பூந்தொட்டிக்குப் பின்னாடி டவலைப் போத்திக்கிட்டு ஒரு பைத்தியம் உக்காந்திருக்குன்னு இவரு கையால காட்டினாரு, நான் யாருன்னே தெரியாதுன்னு தலையை ஆட்டிட்டேன் என்றாள். சொல்லி முடிக்கவில்லை, வந்துவிட்டது. பக்கத்தில் அந்த மனுஷரும் இருந்தார், நானும் இருந்தேன். அவள் பிடித்தது என் கையை. டீ பாதி சட்டையில். நகக்குறி இன்னும் இருக்கிறது, தூரக் கண்ணாடி போட்டும் பார்த்தேன், கிட்டக் கண்ணாடி போட்டும் பார்த்தேன்.

தொப்பிக்காரர் நல்ல மனுஷர்தான், சாகும்வரை அவரை எனக்குப் பிடிக்காது. எனக்கும் ஒரு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். இருட்டில் படுத்துக்கொண்டு போனைப் பார்க்காதே, உன் கண் உன் அம்மா வழிக் கண், நன்றாகத்தான் இருக்கிறது, அதற்காகப் பரீட்சை பண்ணிப் பார்க்காதே. வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. உன்னோடு அறையில் இருக்கும் பெண் சிடுசிடுப்பானவள் என்று எழுதியிருந்தாய், இருக்கட்டும், ஒரு தடவை நம் கடைக் கதை ஒன்றைச் சொல்லிப் பார், சிரிக்கவில்லையென்றால் மனம் தளராதே, மறுநாள் ஆபீஸில் சிரிக்கிறாளோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது முதலில் என்னிடம் கொடுக்கச் சொல், உன் அம்மாவிடம் போனால் அது எனக்குத் திரும்பி வருவதற்குள் உனக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. கண்ணாடியின் மூக்குத் தாங்கி தளர்ந்திருக்கிறது என்றாயே, யாரோ கடைக்காரனிடம் காட்டாதே, வரும்போது எடுத்து வா, நான் பார்க்கிறேன், எப்போது வருகிறாய் என்று நான் கேட்கவில்லை. எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து, வயிறு நிறைந்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு இரு. எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

கோடு போட்ட கண்ணாடி போட இன்னும் சம்மதிக்காத,
உன் அப்பா

பின்குறிப்பு: உன் அம்மா குளித்துவிட்டு வந்தாள். காலையில் அந்த ஆள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே, அது என்னுடைய எந்தக் கதை என்று கேட்டேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் பேன்ட் கிழிந்த கதையாம். என்னிடம் அப்படி ஒரு கதை கிடையாது. அது பக்கத்துக் கடைத் தையல்காரர் அவளிடம் சொன்னது.