சிரித்ததும் தெளிந்துவிட்ட தண்ணீர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் வயிற்றைத் தவிர மற்றதெல்லாம் நலம், அதுவும் இப்போது தேறிவிட்டது. உன் நலத்தைக் கொஞ்சம் உண்மை கலந்து எழுதவும். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய், போனில் நீ "ம்ம், ம்ம்" என்றபடி வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாதா.

நம் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் தேர்தல் நடந்ததே, அதில் நின்றது இரண்டு பேர். கீழ்வீட்டு ரிட்டயர்டு டீச்சர் குழாய், மோட்டார், தொட்டி என்று பேசி எல்லாரையும் கொட்டாவி விட வைத்தார். மூன்றாம் மாடிச் சிரிப்புத் தம்பி, வீடியோ போடுகிறானே அவன்தான், "நான் ஜெயிச்சா லிஃப்ட்ல பாட்டு போடுவேன்" என்றான், அமோகமாக ஜெயித்தான். பாட்டு வந்தது, லிஃப்ட்தான் சில நாள் வருவதில்லை.

போன மாதம் குழாயில் தண்ணீர் பழுப்பாக வந்தது. டீச்சர் போய் முறையிட்டதும் அவன் அதை ஒரு கிளாஸில் பிடித்து, "இனிமே காபித்தூள் வாங்க வேணாம்" என்று வீடியோ போட்டான். கட்டடமே சிரித்தது. நீயும் அங்கிருந்து வரிசையாகச் சிரிப்புப் பொம்மை அனுப்பினாய், அப்பா அதைப் பெருமையாக எல்லாரிடமும் காட்டினார். சிரித்து முடித்ததும் தண்ணீர் விவகாரமே தீர்ந்துவிட்டது போல எல்லாருக்கும் ஒரு நிம்மதி. தொட்டியைத் திறந்து பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பிறகு அப்பா படுத்துவிட்டார், எதிர்வீட்டுக் குழந்தையையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழந்தைக்கு டிரிப்ஸ் ஏறுவதைப் பார்க்க முடியவில்லையடா. டாக்டரம்மா தண்ணீரைப் பற்றி விசாரித்ததும் அப்பா உற்சாகமாக அந்த வீடியோவைக் காட்டினார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இதைப் பார்த்துட்டுமா குடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். அப்பா போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றே நானும் டீச்சரும் மாடியேறி மூடியைத் திறந்தோம். உள்ளே ஒரு புறா அழுகி மிதந்தது. சிரிப்புத் தம்பி கெட்டவன் இல்லை, ஓடிவந்து தானே தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தான், போனை வெளியே எடுக்கவே இல்லை. ஈரத்தோடு ஏறிவந்து, "எனக்குச் சிரிக்க வைக்கத்தான் தெரியும் ஆன்ட்டி, என்னை எதுக்குச் செயலாளர் ஆக்கினீங்க?" என்று கேட்டான். நான் தலை துவட்டத் துண்டு கொடுத்தேன்.

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது டீச்சர்தான் செயலாளர், முதல் கூட்டத்திலேயே தொட்டியில் போடவேண்டிய குளோரினைப் பற்றி அறுத்துத் தள்ளிவிட்டார். பாதிப் பேர் தூங்கினார்கள். உன் அப்பா கையைத் தூக்கி, "யார் போடுவாங்க, போட்டாங்களான்னு யார் பார்ப்பாங்க?" என்று கேட்டார். ரிமோட் எங்கே என்பதைத் தவிர அவர் ஒரு கேள்வி கேட்டு எத்தனை காலமாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவரிடம் சொல்லிவிடாதே, இன்னும் நாலு கேள்வி கேட்பார்.

நோய்நொடி அண்டாமல் மனநிறைவோடு நீ இருக்க இருவரும் வாழ்த்துகிறோம். நேரத்துக்குத் தூங்கு. உன் கட்டடத்தில் தொட்டி கழுவுவது யார் என்று அப்பா கேட்கச் சொன்னார், தெரியாவிட்டால் விசாரித்து எழுதவும்.

ஆசிகளுடன்,
அம்மா