பெயருக்கு நேரே ஒரு கோடு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பள்ளி மைதானத்தில் பன்னிரண்டரைச் சுற்று. அவர் சுவரோரம் நின்று நேரம் பார்த்தார். முப்பத்தேழு நிமிடம் பத்து வினாடி. ஆறுதலுக்காகக்கூட அந்தப் பத்து வினாடியை விழுங்கமாட்டார் மனிதர். நில அளவையாளரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

பதினைந்தாம் தேதி ஓட்டம். ஐந்து கிலோமீட்டர். முப்பத்தைந்து நிமிடம் ஆனதும் கடிகாரத்தை அணைத்துவிடுவார்கள். அதற்குள் வந்தவர்களுக்குப் பட்டியலில் நேரம் இருக்கும், பிறகு வருகிறவர்களுக்கு வெறும் கோடு. போன வருடம் என் பெயருக்கு நேரே கோடு. அது போதாதென்று, ஒரு ஆள் என் பின்னாலேயே சாலைக் கூம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டு வந்தார். நான் மூச்சு வாங்க நின்றால் அவரும் நின்றார். மரியாதையாம்!

"நாப்பத்தாறு வயசுல உனக்கு இது தேவையாடி?" என்று அக்கா கேட்டாள். தேவை. எனக்கு ஒரு எண் வேண்டும்.

என் தையல் கடையில் வங்கி மேலாளர் அம்மாவின் பேன்ட்டை இடுப்பில் ஓசைப்படாமல் அரை அங்குலம் தளர்த்திக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "நான் இளைச்சிட்டேனா?" என்றார். "பாதியா இறங்கிட்டீங்க மேடம்" என்றேன். முகம் மலர்ந்து போனார். வீட்டில் சொன்னேன். "அடிப்பாவி" என்று அவர் புரையேறச் சிரித்தார்.

மார்ச் 10, செவ்வாய்

முப்பத்தாறு ஐம்பது. உயிரைக் கொடுத்து ஓடியும் முப்பத்தாறு ஐம்பது. இன்னும் ஐந்து நாளில் இரண்டு நிமிடத்தை எங்கே போய்ப் பிடுங்குவது? மைதானத்துப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

மார்ச் 13, வெள்ளி

போன வருடத்துச் சாலையில் குழாய் பதிக்கத் தோண்டியிருப்பதால் இந்த முறை புதுப் பாதை. நூலக வாசலில் தொடங்கி நேரே போய், ஓரிடத்தில் திரும்பி, அதே வழியில் வர வேண்டும். அளக்கும் வேலை ஓட்டக் குழுவில் எப்போதும் இவருடையது. அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு காலையில் போனவர் மதியம் வந்தார். விரல் நுனியில் வெள்ளைப் பெயின்ட். திரும்பும் இடத்தில் கோடு போட்டாராம்.

"ஏங்க முகம் இப்படி இருக்கு?" என்றேன். "வெயில்" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

33:48.

முப்பத்து மூன்று நாற்பத்தெட்டு!! நான்தானா? என் கால்தானா?

தூரத்திலிருந்தே கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்து மூன்று என்று சிவப்பாக எரிகிறது. தூக்கிவாரிப்போட்டது. வேறு யாருடைய கடிகாரமோ என்று நினைத்தேன். கோட்டைத் தாண்டியும் நிற்கத் தெரியாமல் நூலகப் படி வரைக்கும் ஓடினேன். அக்காவுக்குப் போன் செய்தால் வாயில் பேச்சு வரவில்லை. "யாருக்குடி என்ன ஆச்சு?" என்று அவள் பதறிவிட்டாள்.

இன்றைக்கு எல்லோருக்குமே நல்ல நேரம். நம் தெருவுக்கு வரும் தபால்காரர் இருபது நிமிடத்துக்குள் ஓட ஆறு வருடமாகத் தவம் கிடக்கிறார். போன வருடம் பதினொரு வினாடியில் போச்சு. இன்று பதினெட்டு நாற்பத்து நான்கு. சாலையில் மண்டியிட்டு அழுதார்.

இவர் மட்டும் கைதட்டவில்லை. கூம்புகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

மார்ச் 17, செவ்வாய்

தபால்காரர் கடைக்கு வந்தார். சான்றிதழுக்குச் சட்டம் போட்டாயிற்றாம், வீட்டு வாசலுக்கு நேரே மாட்டியாயிற்றாம். பிறகு மணிக்கட்டைக் காட்டினார். ஓட்டக்காரர்கள் கட்டும் கடிகாரம், போன தூரத்தையும் காட்டும்.

"கடிகாரம் கெட்டுப்போச்சுக்கா. நாலு கிலோமீட்டர் அறுநூத்திச் சொச்சம்னு காட்டுது. ரிப்பேருக்குக் குடுக்கப் போறேன்."

"கடிகாரம் கெட்டுப்போச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"சார் அளந்த ரோடாச்சே!"

சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஊசியில் நூல் கோக்க நான்கு முறை ஆயிற்று.

மார்ச் 18, புதன்

கடையைத் திறக்கவில்லை. அவர் அலுவலகம் போனதும் கதவுக்குப் பின்னால் இருந்த சக்கரத்தை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வாசலிலிருந்து அவர் போட்ட வெள்ளைக் கோடு வரை தள்ளினேன். இரண்டாயிரத்து ஐநூறு காட்ட வேண்டும். 2320 காட்டியது. திரும்பித் தள்ளிக்கொண்டு வந்தேன். அதே 2320.

சக்கரம்தான் கெட்டிருக்கும். அப்படித்தானே இருக்க வேண்டும்? வீட்டுக்கு வந்து கூடத்தில் என் அளவு நாடாவை ஆறு முறை போட்டுச் சாக்பீஸால் குறித்தேன். ஒன்பது மீட்டர். சக்கரத்தைத் தள்ளினேன். ஒன்பது.

சாக்பீஸ் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மொத்தம் முந்நூற்று அறுபது மீட்டர் குறைவு. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவன் வரப்பில் ஒரு விரல் கூடினாலும் கண்டுபிடிக்கிற மனிதர்! இது தவறி நடந்திருக்குமா? நடக்காது. அது எனக்குத் தெரியும். அதுதான் பயம்.

அவர் வந்தார். தரையில் இருந்த குறிகளைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டயர் கடை வாசல்ல போடவேண்டிய கோடு. அங்க போய் நின்னேன். நீ படியில உக்காந்து அழுதது கண்ணுக்குள்ளயே இருந்துச்சு. திரும்பி நடந்து வந்து போட்டுட்டேன்."

"எனக்காகவா? இருநூறு பேர் ஓடுனாங்களே, பாவி!"

"நீ இடுப்பைத் தளத்திட்டு இளைச்சிட்டீங்கன்னு சொல்றதில்லையா? யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

அந்த அம்மா தளர்த்திய பேன்ட்டைப் போட்டுக்கொண்டு போன மாதிரிதானே நானும் இரண்டு நாள் தெருவில் நடந்தேன்? இதை இப்போது யோசிக்கிறேன். அப்போது கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப, என்னால முடியாதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் என்னைக் கொன்றது. ஏமாற்றியதுகூட இல்லை.

மார்ச் 19, வியாழன்

பேசவில்லை. சமைத்தேன், சாப்பிட்டோம், பேசவில்லை.

மார்ச் 20, வெள்ளி

தபால்காரர் மணி அடித்தார். ரிப்பேர் கடையில் கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறதென்று சொல்லிவிட்டார்களாம். "அவனுக்குத் தொழிலே தெரியலக்கா, வேற கடைக்குப் போறேன்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் உள்ளேயிருந்து வந்துவிட்டார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

"கடிகாரம் சரி தம்பி. தப்பு என்னுது. தெரிஞ்சே பண்ணுனேன்."

தபால்காரர் பேயறைந்த மாதிரி நின்றார். என்னைப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். "சார்..." என்றார். அவ்வளவுதான். கடிதங்களை என் கையில் கொடுக்காமல் வாசல் திட்டின்மேல் வைத்துவிட்டுப் போனார். திட்டுவார், கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

அங்கிருந்து இவர் நேரே குழுவிடம் போனார். கூட வரட்டுமா என்று கேட்டேன். இரண்டு நாளில் நான் பேசிய முதல் வார்த்தை. வேண்டாம் என்றார்.

மார்ச் 23, திங்கள்

நூலகச் சுவரில் இருந்த பட்டியலைக் கிழித்துவிட்டார்கள். இருநூற்றுப் பதினான்கு பேருடைய நேரம். இனி இவர் பாதை அளக்கக்கூடாது என்று முடிவு. வேலியே பயிரை மேய்ந்தது என்று குழுத் தலைவர் எல்லோர் முன்னாலும் சொன்னாராம். உண்மைதானே. என் அழுகையால் வந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானே போய்ச் சொன்னேன்.

ஏப்ரல் 2, வியாழன்

மேலாளர் அம்மா இன்னொரு பேன்ட்டோடு வந்தார். "அதே மாதிரி கச்சிதமா தைச்சுக் குடுங்க." சொல்லிவிட்டேன், அரை அங்குலம் தளர்த்தியிருந்ததை. முகம் விழுந்துவிட்டது. பேன்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இதெல்லாம் எனக்குத் தேவையா? தெரியவில்லை.

ஏப்ரல் 11, சனி

மறுபடி ஓடுகிறேன். தனியாக. நேரம் பார்க்க அவரைக் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 25, சனி

நாளைக் காலை நூலகத்திலிருந்து, முழுத் தூரம். "நீங்களே வந்து நேரம் பாருங்க" என்றேன். அவருக்கு நம்பவே முடியவில்லை. "நானா?" என்று இரண்டு முறை கேட்டார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

ஆறு மணி. சாலையில் ஆளில்லை. சைக்கிள் மணிச் சத்தம். தபால்காரர்! ஒரு மாதமாகத் திட்டில் கடிதத்தை வைத்துவிட்டுப் போகிறவர். இவர் போய்ச் சொல்லியிருக்கிறார்.

"திரும்புற எடத்துல நான் நிக்கிறேன் சார்" என்றார். "இந்தத் தடவை."

இவர் அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினார்.

பழைய வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஓடினேன். அங்கிருந்து டயர் கடை நூற்றெண்பது மீட்டர்தான், ஆனால் போய்க்கொண்டே இருந்தது. தபால்காரர் கடை வாசலில் நின்று கத்தினார், "இங்கதான்க்கா, இங்கதான்!" திரும்பினேன். கடைசி அரை கிலோமீட்டர் நினைவில்லை. நூலக வாசலில் அவர் தெரிந்தார், கடிகாரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

கோட்டைத் தாண்டினேன். படியில் விழுந்தேன். அவர் சொல்லவில்லை.

"சொல்லுங்க."

"முப்பத்தஞ்சு..." கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தார். "முப்பத்தஞ்சு நிமிஷம், ஆறு வினாடி."

ஆறு வினாடி! கடவுளே, ஆறு வினாடி! பார்க்க வேறு யாருமில்லை, கடிகாரம் அவர் கையில். ஏழு வினாடியைக் குறைத்துச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவர் குறைக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும்தான். அவர் சட்டைப்பையில் இருந்த அளவைக் குறிப்பேட்டை எடுத்து நீட்டினேன்.

"எழுதுங்க."

என் பெயரை எழுதினார். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார். பிறகு 35:06 என்று அழுத்தி எழுதினார்.