கலங்கரை விளக்கத்துக்குப் போன அன்று

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

நேற்று லீவு. என் அறையில் தங்கியிருக்கும் வெல்டர் அண்ணனோடு பழைய கலங்கரை விளக்கம் பார்க்கப் போனேன். போன மாதம் அவர் மனைவி இறந்தபோது முதலாளி ஊருக்கு அனுப்பவில்லை. உச்சிக்கு ஏறியதும் அண்ணன் தடுப்புக் கம்பிக்கு வெளியே ஒரு காலைப் போட்டுவிட்டார். நான் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடா, என்னை இனிமே யாரு தேடப் போறா?"

"நான் தேடுவேன்ணே. இறங்குங்க."

வெகுநேரம் அழுதார். பிறகு கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிவந்தேன். ராத்திரி என் பக்கத்தில்தான் படுத்தார். நீ பயப்படாதே.

அடுத்த கடிதத்தில் அவருக்கும் நாலு வரி எழுதம்மா. "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டாலே போதும். என்னையும் கேள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் மகன்